லிசிமாக்கஸ் என்று விற்ற நாணயத்தில் அலெக்சாந்தர் முகம்: தொகையைத் திரும்பக் கோருதல்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடம் நான் வாங்கிய நான்கு திராக்மா (பண்டைய கிரேக்க நாணய அலகு) மதிப்புள்ள வெள்ளி நாணயத்தின் சான்றிதழில் "மன்னர் லிசிமாக்கஸின் சொந்த உருவம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். லிசிமாக்கஸ், அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து பின்னர் திரேஸ் நாட்டு மன்னரானவர். விளம்பரத்தில் பின்புறப் படம் மட்டுமே இருந்தது. உயிரோடிருக்கையிலேயே தம் முகத்தை நாணயத்தில் பொறித்துக்கொண்ட கிரேக்க மன்னர்களான முதலாம் தாலமி, திமெத்ரியஸ் ஆகியோரின் வரிசையில் சேர்க்கத் தகுந்த அபூர்வப் பொருள் கிடைத்ததென்று நம்பி, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

வந்ததோ, காதைச் சுற்றி ஆட்டுக்கடாக் கொம்பு வளைந்திருக்கும் தலை. அது எகிப்தியத் தெய்வமான அம்மோனின் கொம்பு என்பதையும், கி.மு. 331இல் எகிப்தின் சீவாவிலுள்ள அந்தத் தெய்வத்தின் கோயிலுக்குச் சென்றுவந்த அலெக்சாந்தரைத்தான் லிசிமாக்கஸ் இப்படித் தெய்வமாக்கிப் பொறித்தார் என்பதையும் நாணயம் விற்கும் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் அலுவலரோ லென்ஸைக்கூடக் கையில் வாங்காமல், "அது சுருட்டை முடி சார்" என்றார். பின்புறத்தில் அமர்ந்திருக்கும் கிரேக்கத் தெய்வம் அதீனாவின் கையிலுள்ள வெற்றித் தேவதை நைக்கி, லிசிமாக்கஸின் பெயருக்கு மாலை சூட்டுவதைக் காட்டி, பெயர் மட்டுமே அவருடையது என்று விளக்கியதற்கு, "பேர் யாருடையதோ முகமும் அவருடையதுதான், இதுகூடத் தெரியாமல் எதற்குச் சேகரிக்கிறீர்கள்?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டார். ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருப்பதால் காந்தியின் முகத்தையும் ஆளுநர் முகம் என்பாரோ அவர்!

அதற்கு முன்பு, நிபுணர் பார்ப்பார் என்று தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்து, மாலைவரை காக்கவைத்து, எடைபோட்டு, "17 கிராம் இருக்கிறது, அசல் வெள்ளி" என்று திருப்பி அனுப்பினீர்கள். வெள்ளி போலி என்று நான் எப்போது சொன்னேன்? லிசிமாக்கஸ் கி.மு. 281இல் போரில் மடிந்த பிறகும் பைசாந்தியம் முதலிய நகரங்கள் இதே வகையை அடித்துக்கொண்டிருந்ததால், இது அவர் காலத்து நாணயம்தானா என்றும் கேட்டிருந்தேன்; பதில் இல்லை. என் வாழ்நாள் சேகரிப்பே நகைப்புக்கிடமாகிவிட்டது.

தங்கள் நிறுவனத்தின்மீது இன்னும் மதிப்பு வைத்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன். நாணயத்தைப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும், எனது பயணச் செலவையும் பதினைந்து நாள்களுக்குள் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சான்றிதழோடு நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். பதிலை எழுத்துமூலமாக மட்டும் அனுப்புங்கள்; அந்த அலுவலர் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்