சாவி வைத்திருந்தவர்களுக்கும் சங்கதி வைத்திருந்தவர்களுக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சொந்தங்களே, வணக்கம்.

நம் மாவட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்காக நான் எழுதிக்கொண்டிருந்த சிறு நூல் ஒருவழியாக அச்சாகிவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. உள்ளே இருக்கும் சங்கதியில் என்னுடையது கொஞ்சம்தான் என்பது உங்களுக்கே தெரியும். நன்றி சொல்ல நூலில் கிடைத்த இடம் அரைப் பக்கம். அதில் அடங்குகிற கடன் இல்லை என்பதால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். ஒருவருக்குப் போட்டு இன்னொருவரை விட்டால் மனத்தாங்கல் வரும், ஆகவே யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது யார் யாரென்று தெரிந்துவிடும்.

கல்வெட்டுகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ராஜா யார் என்பதைவிட, கொடுத்தவர் யார், பழுது பார்த்தவர் யார் என்றே கண் முதலில் தேடுகிறது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையில், சமணத் துறவிகளின் கல்படுக்கை ஓரமாக, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ் பிராமியில் வெட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்த ஊரில் பிறந்தவருக்காக எந்த ஊர் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பதுதான் அதன் முழுச் செய்தி. நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரத்தைச் சாத்தன் பூதி கட்டினான். அது மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் புதுப்பித்தான். இரண்டு பேர் பெயரும் அங்கே கல்லில் இருக்கின்றன. கட்டியவனோடு சேர்த்துச் சரிசெய்தவனையும் எழுதி வைத்த மாவட்டம் இது. நான் மட்டும் அரைப் பக்கத்தோடு நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?

சித்தன்னவாசலில் காவலுக்கு இருக்கும் அண்ணன்தான் முதலில். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் ஓவியங்களை எத்தனையோ பேர் போய்ப் பார்க்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் என்னை அவசரப்பட விடவில்லை. கண் பழகட்டும் என்று நிற்கச் சொன்னீர்கள். அப்புறம்தான் விதானத்தில் அந்தத் தாமரைக் குளம் துலங்கியது: யானை, எருமை, மீன், அன்னம், பூப்பறிக்கிற துறவிகள். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியம், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் திருப்பணி செய்த கோயில் என்பதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்தது. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் நடனமாதின் கை முழுதாகத் தெரியும் என்பதை நீங்கள்தான் காட்ட முடிந்தது.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் புல் செதுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கும் ஒரு வணக்கம். கொடும்பாளூர் வேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரண்டு தேவியர் பெயரிலுமாகக் கட்டிய மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "மூணாவது வீட்டுக்கு அடிவாரம் மட்டும் நிக்குது பாரு" என்று நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்து எழுதிவிட்டேன்.

குடுமியான்மலைக் கல்வெட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. பாறையில் கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாக ஸ்வரங்கள். ஏழு பிரிவு, ஏழு கிராம ராகம் (பழங்கால ராக வகை), ஒரே ஸ்வரம் ச, சி, சு, செ என்று உயிரெழுத்து மாறி மாறி வருவது என எல்லாவற்றையும் ஒரு இசை ஆசிரியை பாடியே காட்டினார். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது என்று பல காலமாகச் சொல்கிறார்கள், அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. 7ஆம் நூற்றாண்டு என்று மட்டும் எழுதுங்கள் என்று தடுத்ததும் அவர்தான். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும், அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் நம் புதுக்கோட்டைக்காரர்கள் என்பதை விடாமல் நினைவூட்டி, தனி அத்தியாயமே எழுத வைத்தவரும் அவரே.

இனி, நான் அதிகம் கடன்பட்டவரிடம் வருகிறேன். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுகிற அந்தப் பெரியவர்.

நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறுகூட மழை பெய்தால்தான் ஆறு. காலங்காலமாக இந்த மாவட்டம் பிழைத்தது கண்மாயாலும் ஊரணியாலும். அது எனக்கும் தெரியும், பாடத்திலும் இருக்கிறது. ஆனால் கோடையில் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் இறங்கி நடந்தபோதுதான், தள்ளி நின்று பார்த்தால் வெறும் இரண்டு கல்தூணாகத் தெரிவது குமிழி மடை என்று புரிந்தது. மேலே குறுக்குக் கல், அடியில் துளை, துளைக்கு அடைப்பு. நிறைந்த கண்மாயில் ஆள் நீந்திப் போய், மூச்சைப் பிடித்து முங்கித் திறக்க வேண்டும். ஐயா அதைச் சொல்லவில்லை, செய்து காட்டினார். காய்ந்த மண்ணில் குந்தி உட்கார்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி. இந்த வயதில் வேண்டாம் ஐயா என்றால் கேட்டால்தானே. இப்படிப்பட்ட தூண்கள் சிலவற்றில் மடையை அமைத்துக் கொடுத்தவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள். முங்கித் திறந்தவர்கள் பெயர் எதிலும் நான் பார்க்கவில்லை.

மேல் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால்தான் கீழ் கண்மாய்க்கு வரத்து. எந்த வாரி (தண்ணீர் வரும் வாய்க்கால்) எங்கே அடைபட்டது, யார் காலத்தில் அடைபட்டது, எந்த வயலுக்கு எந்த முறை என்று அவர் மனக்கணக்காக வைத்திருக்கிறார். வரத்து வாரிகளின் படம் நூலில் வந்திருக்கிறதே, அது அவர் குச்சியால் தரையில் கீறியது. என் மாணவி ஒருத்தி நோட்டில் நகல் எடுத்தாள். என்னைக் கேட்டால் நூலில் உருப்படியான பக்கம் அதுதான்.

அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு அக்காவின் வீட்டுத் திண்ணையே போதுமானதாக இருந்தது. 1991இல் இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டதுதான் புதுக்கோட்டையின் தனிச்சிறப்பு. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த அக்கா சொன்ன ஒரு விஷயம் எனக்கு எந்த அறிக்கையிலும் கிடைத்திருக்காது. ஊரில் கேலி செய்தவர்களே பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்களாம். பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் பார் வைத்த சைக்கிளையே விரும்பி எடுத்தாராம். அக்கா, டீயோடு அதிரசமும் கொடுத்தீர்கள். அதை நூலில் எழுத முடியவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

சமஸ்தானக் கதைக்கு ஆட்கள் குறையவே இல்லை. யாரைக் கேட்டாலும் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களைப் பற்றி ஒரு கதை. அதனால் அந்தப் பகுதியைச் சுருக்கவே பாடுபட்டேன். 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது, 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே நடந்தவற்றைத் தன் தகப்பனாரின் பழைய சமஸ்தானப் பத்திரங்களை விரித்து வைத்துச் சொன்ன ஐயாவுக்கு நன்றி. சுருக்குப் பையிலிருந்து அம்மன் காசு எடுத்துக் கொடுத்த அப்பத்தாவுக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும் அந்தச் சின்னச் செப்புக் காசை சமஸ்தான காலத்தில் அரண்மனையில் நவராத்திரிக்கு அரிசியோடு தானமாகக் கொடுப்பார்கள். உங்கள் மாமியார் கை நீட்டி வாங்கியது என்றீர்கள். படம் எடுத்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன், மறந்துவிட்டு என்னைத் தேட வேண்டாம்!

கீரமங்கலம் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் சொன்ன யோசனையால் கடைசி அத்தியாயமே மாறியது. நான் 1974ஓடு முடித்திருந்தேன். "எங்களுக்கு நடந்ததெல்லாம் வரலாறு இல்லையா டீச்சர்?" என்று கேட்டார். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2017இல் நடந்த நெடுவாசல் போராட்டமும், 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்ததும் அப்படித்தான் உள்ளே வந்தன. சாய்ந்த மரங்களின் வயதை ஒவ்வொன்றாக அவர் சொன்னபோது நான் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் வகுப்புப் பிள்ளைகள். எழுதியதை அவர்களிடம் வாசிக்கக் கொடுப்பேன். புரியாத வரிக்குக் கீழே பென்சிலால் கோடு வரும். கோடு விழுந்த வரியைத் திருப்பி எழுதியாக வேண்டும், அதுதான் எங்கள் ஒப்பந்தம். முத்துலட்சுமி ரெட்டி அத்தியாயத்தில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரே பெண்ணாக நம் ஊர்ப் பெண் போய் உட்கார்ந்ததைப் பிள்ளைகள் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

பண விஷயம் ஒன்று பாக்கி. அச்சுச் செலவுக்கு வழியில்லாமல் நின்றபோது, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைக்கிற மாதிரி நாமும் வைத்துவிடலாம் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டு வினையாகி, பள்ளிக்கு எதிர்த்த டீக்கடையில் நோட்டுப் போட்டு உட்கார்ந்தேவிட்டோம். கடைக்காரர் அன்று டீக்குக் காசு வாங்கவில்லை. ஐம்பது ரூபாய் எழுதியவரும் இருக்கிறார், பேரன் பெயரில் எழுதச் சொன்னவரும் இருக்கிறார். மொய் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நம் வழக்கப்படி வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வீட்டில் காதுகுத்து, கல்யாணம், புதுமனை எதுவானாலும் பத்திரிகை அனுப்புங்கள். மொய் எழுதியவர்களுக்கான பிரதிகள் அதே டீக்கடையில் கட்டி வைத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடை அரைநாள்தான், மதியத்துக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கண்மாய்க்கார ஐயாவுக்கு மட்டும் நானே கொண்டுவருகிறேன், அவருக்கு வாசித்தும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்