ஆத்தாவுக்கு ஒரு பதில்

லீட்ஸ், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நல்லா இருக்கேன். குளிர் பழகிருச்சு. நீங்க குடுத்துவிட்ட சீப்புச்சீடை வார்டுல ரெண்டே நாள்ல காலி.

போன வாரம் நான் சொன்னதக் கேட்டுட்டு, "சாகப்போற புள்ளைய ஆஸ்பத்திரியே வீட்டுக்கு அனுப்புறது கைகழுவுறது இல்லையா"ன்னு கேட்டு போனை வச்சுட்டீக. அப்பப் பதில் வரல. இப்ப எழுதுறேன்.

ஐயாவ மதுரையிலருந்து கூட்டியாந்தது ஞாபகம் இருக்கா? "வீட்டுக்குக் கொண்டு போங்க"ன்னு ஒத்த வரியில சொல்லிட்டாக. சித்தப்பா சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டே வந்தாக. திருப்பத்தூர் தாண்டுனதும் நீங்க "உசுரு நம்ம வாசலுக்காவது வரட்டும்"னு பிள்ளையார்பட்டி பக்கம் பாத்துக் கும்பிட்டீக. வளவுல கெடத்துனோம், அப்பத்தா பால் ஊத்துனாக. எல்லாம் சரிதான். ஆனா ரெண்டு ராத்திரி ஐயா வலியில அனத்துனாகளே, குடுக்க நம்மகிட்ட ஒரு சொட்டு மருந்து இல்ல. கைகழுவுறதுன்னா அதுதான் ஆத்தா.

இங்க அந்த ஆறு வயசுப் புள்ளைக்கு மூளையில கட்டி. தோலுக்கடியில ஊசி வச்சு, 24 மணி நேரமும் மார்ஃபின்ங்கற வலி மருந்து சொட்டுச் சொட்டா எறங்குற கையடக்கப் பம்ப்போட அனுப்புனோம். வலிப்பு வந்தா கன்னத்துக்குள்ள விட மருந்து, ராத்திரி கூப்பிட நம்பர், "மூச்சு நின்னா நெஞ்ச அமுக்க வேண்டாம்"னு ஆம்புலன்ஸ்காரகளுக்குத் தாள், எல்லாம் கூடவே போச்சு. வீட்டுல இருக்குற புள்ளைக்கு ராப்பகலா நர்ஸ் கிடைக்கணும்னு 2016-லயே இந்த நாட்டு வழிகாட்டுதல்ல எழுதிட்டாக. எழுதுனபடி எல்லா ஊர்லயும் ஆளு இல்லைங்கறது வேற கதை.

எங்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்ல. பெரிய நர்ஸ், "அவ கட்டில், அவ பூனை, அங்கதான் அவ புள்ள, இங்க அவ நோயாளி"ங்கறாக. என்கூட ராத்திரி டியூட்டி பாக்குறவளுக்குப் பயம்: "இங்க மணிய அடிச்சா நாலு பேர் ஓடி வருவாக, அங்க ரெண்டு மணிக்குப் பம்ப் நின்னா அந்த அம்மா தனியா என்ன செய்யும்?" பாதி வழியில உசுரு போயிட்டா என்ன செய்யறதுன்னு ஆம்புலன்ஸ் ஓட்டுறவர் என்னையக் கேட்டார். டாக்டரு வேற ஒன்னு சொன்னார்: வார்டே போதும்னு சொல்ற பெத்தவுகளும் உண்டு, அந்த ரூமுக்குள்ள அப்புறம் எப்படிப் படுக்கிறதுன்னு கேப்பாக, அவுகளுக்குப் பாசம் கொறச்சல்னு நெனச்சிராதீகன்னு. ரெண்டுக்கும் நடுவுல இங்க இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே தனி இல்லங்கள் இருக்கு. மொதல்ல 1982-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு கன்னியாஸ்திரி தொடங்குனது.

எனக்குப் பட்டதச் சொல்றேன். வீடா வார்டாங்கறதவிட, நாங்க வாயத் தொறக்குறதுதான் லேட்டு. இன்னொரு மருந்து பாப்போம்னு நாள் கடத்திட்டு, கடைசி வாரத்துல எல்லாத்தையும் ஓட்டமா ஓடிச் செய்யறோம். எட்டு மாசம் வார்டுல வச்சுப் பாத்த புள்ளைய விட மனசு வரல, அதுவும் உண்மை.

அவ வீட்டுல நாலு நாள் இருந்தா. பூனை காலடியிலயே கெடந்துச்சு.

துக்க வீட்டுல "போயிட்டு வாரேன்"னு சொல்லக்கூடாதுன்னு நீங்க சொல்லிச் சொல்லி வளத்தீக. வாய் தவறி "ஸீ யூ"ன்னுட்டேன். அந்த அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, "கண்டிப்பா வாங்க"ன்னாக. திங்கக்கிழமை போறேன்.

உங்கள்,
சின்னவ