அந்தமானில் நங்கூரம் இறக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அந்தமான் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றிவருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். ஆனால், மாலையானதும் கண்ணில் படும் குடாவுக்குள் நுழைந்து நங்கூரம் இறக்கிவிடலாம் என்ற பொருளில் அதில் எழுதியிருப்பது, புதிதாகக் கடலுக்குப் போகிறவர்களை ஆபத்தில் மாட்டிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே எந்தக் குடா பாதுகாப்பானது என்பதைப் பருவம்தான் முடிவு செய்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது தீவுகளின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவாக இருக்கும். மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் அதே கரை அலைகளுக்கு நேர்முகமாகிவிடும். கட்டுரை புகழ்ந்திருக்கும் ராதாநகர் கடற்கரை, ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜனவரியில் எடுத்த அதன் படத்தை நம்பி ஜூலையில் அங்கே படகை நிறுத்துகிறவர், கரையை நோக்கித் தள்ளும் காற்றில் நங்கூரத்தை மட்டுமே நம்பி இரவைக் கழிக்க வேண்டியிருக்கும்.

ஆழம் பற்றிக் கட்டுரை ஒன்றுமே சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அந்தமானின் வடமேற்குப் பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, இன்டர்வியூ தீவை ஒட்டிய பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. போர்ட் பிளேர் பக்கமோ தாழ்ந்தது. ஆகவே அதற்கு முன் அளந்த ஆழங்களைக் காட்டும் வரைபடத்துடன் வடக்கே போகிறவர், 3 மீட்டர் என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் 2 மீட்டரைக்கூடக் காணாமல் போகலாம். சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போது நுழைந்தால்தான் நீருக்கடியில் பழுப்பாகத் தெரியும் பாறையையும் வெளிர்நீல மணலையும் பிரித்தறிய முடியும். மாலை வெயில் எதிரே அடிக்கும்போது நீர்ப்பரப்பின் மினுமினுப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது.

மணலிலும் சேற்றிலும் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். பாறையில் அது நழுவும் அல்லது சிக்கிக்கொள்ளும், பவளத்தையும் உடைக்கும். நீரின் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றம்) ஏறும்போது கூடும் உயரத்தையும் அந்த ஆழத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். சங்கிலி விட்டபின் என்ஜினை மெல்லப் பின்னோக்கி இயக்கி, விரைத்த சங்கிலியின் மேல் கையை வைத்துப் பார்த்தால், நங்கூரம் பாறையில் இழுபடும் அதிர்வு உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். இவ்வளவு எளிய சோதனையைக்கூடப் பயணக் கட்டுரைகள் ஏன் சொல்வதில்லையோ!

பாரன் எரிமலைத் தீவை இரவு தங்கும் இடமாகக் கட்டுரை காட்டியிருப்பது இன்னும் வியப்பளிக்கிறது. அதன் கரை செங்குத்தாக ஆழத்தில் இறங்குவதால் நங்கூரம் பிடிக்க ஏற்ற திட்டு அங்கே அரிது. அத்துடன், காற்று மறைவு கிடைக்கும் என்பதற்காக எந்தத் தீவையும் நெருங்கிவிட முடியாது. வெளியாரை ஏற்காத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல்மைலுக்குள் செல்வதற்கே தடை இருக்கிறது.

அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது ஒவ்வொரு குடாவின் பெயருடனும் அது எந்த மாதங்களுக்கு உகந்தது, எந்தத் திசைக் காற்றுக்குத் திறந்திருக்கிறது, அடித்தளம் மணலா பவளமா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்