திருக்காவலூர் போய் வந்த கையோடு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் நலம். பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை, அப்புறம் பள்ளியில் தேர்வு வேலை என்று மாதங்கள் ஓடிவிட்டன. அம்மாவுக்குப் பார்வை இப்போது நல்ல தெளிவு. ஜெயா அக்கா வாசலில் கால் வைக்கும்போதே, "என்னடி, மூக்குத்தியை மாத்திட்டியா?" என்று கேட்கிறாள் என்றால் பார்த்துக்கொள்.

கண் நல்லபடியாக வந்தால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாளாம். எனக்கே தெரியாது! சனிக்கிழமை கூட்டிப்போனேன். திருவையாறு தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, திருமானூர் வழியாக. வயல்களுக்கு நடுவே கோயில் தெரிந்ததும் அம்மா வண்டியிலேயே கும்பிட்டுவிட்டாள். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டியை வீரமாமுனிவர் குணமாக்கியதையும், அதற்காக மழவராயர் நிலம் கொடுத்ததையும் மெழுகுவத்தி விற்ற பெரியவர் அம்மாவுக்கு விலாவாரியாகச் சொன்னார்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உள்ளே பத்து வயதுப் பெண் ஒருத்தி, பாட்டி சொல்லச் சொல்ல நோட்டுத்தாளில் மன்றாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். "அடைக்கல மாதாவெ" என்று எழுதிவிட்டாள். உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்தாள். பிறகு பேனாவை மறுபடி வைத்து, கொம்புக்கு மேலே இன்னொரு சுழி போட்டாள். மாதாவே. உடம்பு சிலிர்த்துவிட்டது செல்வி. அந்தச் சுழியைக் கொடுத்தவர், இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்துக் கலம்பகம் பாடிய அந்த வீரமாமுனிவர்தானே!

தமிழய்யா கரும்பலகையில் 'கொல்', 'கோல்' எழுதிக் காட்டியது நினைவிருக்கிறதா? அந்தக் காலத்தில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி, நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலை கிழியும் என்று புள்ளியையும் விட்டுவிடுவார்கள்; அப்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிறந்ததிலிருந்து பேசுகிற நாம் இடம் பார்த்து ஊகித்துப் படித்துவிடுவோம். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதில் இங்கே வந்தவர் என்ன செய்வார்? தட்டுத்தடுமாறித்தான் படித்திருப்பார். அதனால்தான் நெடிலுக்குத் தனி வடிவம் வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்கும். அப்படித் தடுமாறியவர்தான் தேம்பாவணியில் 3,615 பாட்டு எழுதினார், 1732-இல் சதுரகராதியும் செய்தார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உன் மகள் எகர ஏகாரம் பிடிபடாமல் அழுகிறாள், தமிழ் வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாயே. நிறுத்தாதே. புனேயில் தெருவில் தமிழ் கேட்காமல் வளருகிற பிள்ளை அவள். அவரைப் போலவே வெளியிலிருந்து வருகிறாள். அவளை மக்கு என்று சொன்னதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு உன் மேல் கோபமே வந்தது. கல்லூரியில் றகர ரகரத்துக்கு நீ வாங்காத திட்டா?

அவளுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அடுத்த கடிதத்தில் அவள் பெயரை அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல். 'தென்மொழி' என்று வந்தாலும் சரி. சுழியை நான் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கலா