முத்திரை கேட்டுப் போன கதை

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் இடியாப்பமும் சம்பலும். கடையில் கணக்கு வேலையும் பழகிவிட்டது.

இனி உங்கள் விஷயம். உங்களிடம் இருக்கும் இரண்டு டாலர் நோட்டைப் போல இலங்கை ரூபாயில் ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் அந்த நோட்டை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன்! பழைய அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் படம், பக்கத்தில் 13 சென்ட் ஸ்டாம்ப், பாதி ஸ்டாம்பிலும் பாதி நோட்டிலுமாக 1976 ஏப்ரல் 13 என்று வட்ட முத்திரை. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு மாலுமி கொடுத்தது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டுக்காக, பத்து வருஷமாக நின்றுபோயிருந்த அந்த நோட்டை ஜெஃபர்சன் பிறந்த நாளில் திரும்ப வெளியிட்டார்கள். ஜனங்கள் பாங்கில் நோட்டை வாங்கிய கையோடு போஸ்ட் ஆபீசுக்குப் போய், கடிதத்துக்கு ஒட்டும் ஸ்டாம்பை அதில் ஒட்டி, அன்றைய தேதியைக் குத்தி வாங்கினார்கள். எல்லாம் நீங்கள் சொன்னதுதான். இன்றைக்கும் அது செல்லும் என்பீர்கள், ஆனால் செலவழிக்க விடமாட்டீர்கள்.

சரி என்று, சனிக்கிழமை மடிப்பில்லாத 20 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இங்கே உள்ள போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்பினேன். அதில் கொழும்புத் துறைமுகம் போட்டிருக்கும், கூடவே ஒரு ஆந்தை. துறைமுகத்தில் கிடைத்த நோட்டுக்குத் துறைமுகம் போட்ட நோட்டு ஜோடி என்று எனக்குள் ஒரு கணக்கு.

இங்கே வயதானவர்கள் ஆபீசைக் கந்தோர் என்கிறார்கள். அது முன்பே தெரியும். முத்திரை என்றால் இவர்களுக்கு ஸ்டாம்ப் என்பதுதான் தெரியாமல் போனது.

"முத்திரை வேணும் அக்கா."

"எத்தினை ரூபா முத்திரை?"

"ஸ்டாம்ப் இல்லை, முத்திரை."

"அதைத்தானே தம்பி நானும் கேக்கிறன்!"

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். கடைசியில் முஷ்டியை மடக்கி மேஜையில் குத்திக் காட்டினேன். "ஓ, சீலோ!" என்றார் கவுண்டரில் இருந்த அக்கா. அப்புறம் நான் 20 ரூபாய் நோட்டை நீட்டியதும் முகம் மாறியது. "காசுல சீல் குத்த ஏலாது தம்பி."

அவர் சொன்னது நியாயம்தான். வேண்டுமென்றே கிறுக்கியோ குத்தியோ கெடுத்த நோட்டை இங்கே மத்திய வங்கி மாற்றிக் கொடுப்பதில்லை. நோட்டைக் கெடுப்பது குற்றமும்கூட. அமெரிக்கச் சட்டம் வேறு மாதிரி. திரும்பப் புழக்கத்துக்கு விட முடியாதபடி ஆக்கும் நோக்கத்தோடு கெடுத்தால்தான் அங்கே தப்பு. அதனால் உங்கள் மாலுமி தப்பித்தார். எனக்கு எதற்கு வம்பு?

என் முகத்தைப் பார்த்து அந்த அக்காவே ஒரு வழி சொன்னார். ஒரு கவரில் ஸ்டாம்பை ஒட்டிக் கொடு, அதில் குத்தித் தருகிறேன், நோட்டை உள்ளே வைத்துக்கொள் என்றார். யோசித்துப் பார்த்தால் இதுவே நல்லது என்று எனக்குப் படுகிறது. நோட்டும் கெடாது, தேதியும் நிற்கும். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

குத்துவதற்கு முன்னால் அவர் சீலை மைப்பெட்டியில் ஒற்றி, பழைய காகிதத்தில் ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் நீங்கள் செய்ததும் அதுதானே. அப்புறம்தான் கவர். ஒரே குத்து, தேதி அவ்வளவு தெளிவு.

தபாலில் பணம் வைத்து அனுப்ப மனசு வரவில்லை. பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டுவருகிறேன். ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் அங்கே வந்ததும் திட்டாதீர்கள்: மை காய்வதற்குள் கவரை எடுத்துவிட்டேன். வட்டத்தின் வலது ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை விழுந்திருக்கிறது.

உங்கள் மகன்,
செந்தில்