தாம்பரத்தில் எங்களை நிலைக்க வைத்தவர்களுக்கு நன்றி

தாம்பரத்து அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேற்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் காய், கீரை, பூ, பழம், செருப்பு, பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர்கள் நாங்கள். எழுதுவது நான் ஒருத்திதான் என்றாலும், எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் எழுதுகிறேன். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்போது அடையாள அட்டையும் விற்பனைச் சான்றிதழும் இருக்கின்றன. வங்கிக் கடன் வாங்கித் தவணை கட்டி, அடுத்த கடனுக்கும் தகுதி வந்தவர்கள் இருக்கிறார்கள். இது தானாக நடந்துவிடவில்லை. யார் யார் கூட நின்றார்கள் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் நன்றி, சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகளுக்கு. காலையில் கீரை விற்கிறவர் பத்து மணிக்கெல்லாம் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதே இடத்தில் சாயங்காலம் பூக்காரம்மா வந்து உட்காருவார். பகலில் ஒரு தடவை வந்து எண்ணிக்கொண்டு போயிருந்தால் இரண்டு பேருமே கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் விடியற்காலையில் வந்தார்கள், உச்சி வெயிலில் வந்தார்கள், ராத்திரி கடை கட்டுகிற நேரத்திலும் வந்தார்கள். ஆதாரில் பெயர் ஒரு மாதிரியும் ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தவர்களை விட்டுவிட்டுப் போகாமல், எதை எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லிக் கூடவே அலைந்தார்கள். கணக்கில் பெயர் ஏறாதவருக்கு அட்டை கிடையாது, அட்டை இல்லாதவருக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றுக்கும் அடிப்படை அவர்கள் எழுதிய அந்தத் தாள்தான்.

அடுத்தது, சட்டம் படிக்கிற ஒரு தம்பி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. 2014இல் சாலையோர வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது எங்களில் பலருக்குத் தெரியாது. அந்தத் தம்பி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தான். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். சரக்கை எடுத்துக்கொண்டு போனால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் கையில் கொடுக்க வேண்டும். அழுகிப்போகிற சரக்கு என்றால் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். முன்பு ஒருமுறை என் தள்ளுவண்டியைத் தக்காளிக் கூடைகளோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி திரும்பி வந்தபோது கூடையில் இருந்தது தக்காளி இல்லை, வெறும் சாறு. அந்தப் பிரிவை அந்தத் தம்பி படித்துக் காட்டிய அன்று என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நமக்காக இப்படியும் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்களே என்று.

அதே சட்டத்தில்தான் விற்பனைக் குழு என்று ஒன்று வருகிறது. மாநகராட்சி ஆணையர் தலைமையில் நடக்கிற அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். "நீங்க பேசுங்கம்மா, உங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது" என்று தைரியம் சொல்லி எங்கள் பெண்களை அந்தக் குழுவில் பேச வைத்த மகளிர் குழு அக்காமாருக்கு எங்கள் வணக்கம்.

இப்போது பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பிழைப்பு ரொம்ப காலம் தண்டலில்தான் ஓடியது. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், சாயங்காலம் தண்டல்காரர் வண்டி வந்து நிற்கும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் தினம் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இதை ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். அவர்தான் 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தைப் பற்றியும் சொன்னார். அப்போது முதல் கடன் பத்தாயிரம், ஒரு வருஷத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் இருபதாயிரம், அதையும் கட்டினால் ஐம்பதாயிரம். வருஷத்துக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பி வரும். ஜாமீன் கேட்க மாட்டார்கள். மாதத் தவணை ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. தண்டலுக்கு மாதம் மூவாயிரம் கட்டிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மூச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கிற மனசும் வேண்டும். ஒரு வங்கியில் எங்களை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினார்கள். இன்னொரு கிளையின் மேலாளர் அம்மா, நாங்கள் பகலில் வியாபாரத்தை விட்டு வர முடியாது என்று தெரிந்துகொண்டு, சாயங்காலம் எங்கள் தெருவுக்கே வந்தார். அட்டை இன்னும் வராதவர்களுக்கு மாநகராட்சியிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் போதும் என்று சொல்லி, அந்த விண்ணப்பத்தையும் அங்கேயே நிரப்ப வைத்தார். வண்டி மேல் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒருவர் ஆதாரை நீட்ட, இன்னொருவர் போனில் வந்த ஓடிபி எண்ணைச் சத்தமாகப் படிக்க, கடைசிப் படிவம் முடிகிற வரை அவர் உட்காரக்கூட இல்லை. கடிதங்களை இழுத்தடிக்காமல் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மாநகராட்சி ஊழியருக்கும் அதே அளவு நன்றி.

அப்புறம், வெளியே யாரும் பேசாத ஒரு விஷயம். கோயம்பேட்டில் சரக்கு எடுக்க நாங்கள் விடியற்காலை மூன்று மணிக்கே குட்டி யானை வேனில் ஏறிவிடுவோம். திரும்பி வந்து கடை பரப்பினால் மதியம் தாண்டித்தான் எழுந்திருக்க முடியும். கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயத்திலேயே பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு வராதவர் எங்களில் யாருமே இல்லை. ஒரு ஜவுளிக் கடை உரிமையாளர் ஐயா தன் கடைக் கழிப்பறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். யாரும் போய்க் கேட்கவில்லை. கடைப் பிள்ளைகளிடம், "அவங்க வந்தா ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். இந்த மடலில் யாருக்கு எங்கள் நன்றி அதிகம் என்று கேட்டால் இவருக்குத்தான் என்று எங்கள் பெண்கள் எல்லோரும் சொல்வார்கள்.

கடைக்காரர்களும் நடைபாதை வியாபாரிகளும் எதிரிகள் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி இல்லை. கீரை வாங்க வருகிறவர் அப்படியே மளிகைக் கடையிலும் ஏறிவிட்டுத்தான் போகிறார். பாதசாரிகளுக்கு வழி விட்டு எங்கே வண்டி நிறுத்துவது என்பதை எங்களோடு உட்கார்ந்து பேசிக் கோடு போட்டுக் கொடுத்த கடைக்காரர்கள், சவாரிக்கு நடுவே எங்கள் மூட்டையையும் ஏற்றி இறக்குகிற ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார், நாங்கள் பிரித்து வைக்கிற காய்கறிக் கழிவை இருட்டோடு வந்து அள்ளிப் போகிற தூய்மைப் பணியாளர்கள், எல்லோருக்கும் நன்றி.

எங்களிடம் வாங்குகிறவர்களை எப்படி மறப்பது? 1984இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இந்த ஊருக்குப் பெரிய வேலைவாய்ப்பு. அங்கே ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற பெண்கள்தான் எங்களுக்குச் சாயங்கால வியாபாரம். அவர்கள் சம்பளம் வாங்கினால் நாங்கள் பூ விற்போம். நாங்கள் விற்றால் இங்கேயே வாடகை கொடுப்போம், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவோம். பணம் இந்த ஊருக்குள்ளேயே சுற்றும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஊர் பெரிதாகும்போது வளர்ச்சி என்றால் மேம்பாலமும் கம்பெனியும் மட்டும்தான் என்று பேசுவார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால், நாளைக்கும் இதே இடத்தில் உட்காரலாம் என்று ஒரு வியாபாரிக்கு உறுதி கிடைத்தால் அவர் என்ன செய்கிறார் என்று எங்கள் தெருவில் வந்து பாருங்கள். பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தவர் நல்ல வண்டி வாங்கியிருக்கிறார். பூக்காரம்மா கல்யாண ஆர்டர் எடுக்கிறார், உதவிக்கு இரண்டு பெண்களை வைத்திருக்கிறார்.

இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, பெருங்களத்தூர்ப் பக்கம் வெளியூர்க் கூட்டத்தை நம்பியிருந்தவர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அவர்களுக்கும் வேறு நல்ல இடம் கிடைக்க வேண்டும். கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாமல் விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் சாயங்காலம் கடை நேரத்தில் எங்களிடம் வாருங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், ஆதாரோடு இணைத்த போன், மூன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
மேற்குத் தாம்பரம் சாலையோர வியாபாரிகள் சார்பில்,
ஒரு காய்கறி வியாபாரி