ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தர மாணவருக்கான மன அழுத்த முகாமைத்துவக் கருத்தரங்கு பற்றிய உங்கள் கடிதம் அதிபர்மார் ஊடாக எங்களுக்குக் கிடைத்தது. ஞாயிறு காலை 8 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, தரம் 12, 13 பிள்ளைகள் எல்லோரும் ஒரே மண்டபத்தில், வரவு கட்டாயம், முடிந்ததும் படங்கள் அனுப்பப்பட வேண்டும். உளவளத்துணை ஆசிரியர்களான நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும். அக்கறையோடுதான் இதை ஒழுங்குசெய்திருக்கிறீர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. இருந்தும் கேட்கிறோம்: இந்த ஞாயிறைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அதே வேலையைப் பாடசாலை நேரத்துக்குள் செய்ய எங்களுக்கு வாரம் ஒரு பாடவேளை தாருங்கள்.

யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து படிக்கும் ஒரு விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலை 6 மணி ரியூசனைப் பிடிக்க நாலரைக்கு எழும்ப வேண்டும். பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டும்போது தலை முன்சீற்றில் சாய்ந்திருக்கும். ஏழரைக்குப் பாடசாலை. ஒன்றரைக்கு மணி அடித்தால் வீடு போய்வர நேரமில்லை. கடையில் ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும், இரண்டரைக்கு அடுத்த வகுப்பு. அது ஆறு மணிக்கு முடிந்து பஸ் பிடித்து வீடு சேர எட்டு மணி. சாப்பிட்டு, குறிப்பு எழுதி, கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து படுக்கப் பதினொன்றரை. நித்திரை ஐந்து மணித்தியாலம். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை தேவை. ஆகக் குறைந்த கணக்கில் ஓர் இரவுக்கு மூன்று மணித்தியாலம் கடன். ஆறு இரவுக்குப் பதினெட்டு. இதில் கொஞ்சத்தையாவது அடைக்க அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஞாயிறு காலை ஒன்றுதான். அதைத்தான் கடிதம் கேட்கிறது.

நித்திரை குறைந்த உடம்பில் அழுத்தம் இறங்காது. சோதனைப் பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அதனால் கெடுதி இல்லை. கொஞ்சப் பதற்றம் இருந்தால்தான் படிப்பும் ஓடும். மற்றொரு அழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் அப்படியல்ல. அது இரவில் தாழ்ந்து விடியும்போது உயரவேண்டியது. நித்திரை பறிபோனால் மாலையிலும் தாழாமல் நிற்கும். பிள்ளை படுத்தாலும் நித்திரை வராது. விழித்திருக்கவென்று இரவு பத்து மணிக்குக் குடித்த தேத்தண்ணியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணித்தியாலம் கழிந்தும் உடம்பில் இருக்கும். பகலில் படித்ததை மூளை பதித்துக்கொள்வதும் நித்திரையில்தான். ஆகவே படிப்பதற்காக வெட்டிய நித்திரை படித்ததையே கொண்டுபோகிறது. அடுத்த தவணைப் பரீட்சையில் புள்ளி இறங்க, பெற்றார் இன்னொரு வகுப்பில் சேர்க்கிறார்கள்.

எங்களிடம் வரும்போது இது அழுத்தம் என்ற பெயரோடு வருவதில்லை. மூன்றாம் பாடவேளைத் தலையிடி, சோதனை நாள் சத்தி, காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுவது என்றுதான் வருகிறது. "வயித்துக்குத்து எண்டு சாட்டுச் சொல்லுறான், ரீச்சர்" என்று தாய் சொல்லுவா. சாட்டு இல்லை. அழுத்தத்தில் குடலின் அசைவு மாறும், வலி உண்மையாகவே இருக்கும்.

இனிக் கருத்தரங்கின் விடயம். பதற்றத்தைத் தணிப்பது சைக்கிள் ஓடுவதைப் போல, பழகித்தான் வரும், கேட்டு வராது. நாங்கள் முதலில் பழக்குவது மூச்சு. கதிரையில் இருந்து, இரண்டு பாதமும் நிலத்தில் படவேண்டும். நாலு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை மெதுவாக்கும். பயன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் "நல்லா இழு" என்று கேட்டதும் தோளை உயர்த்தி வேகமாக இழுப்பார்கள். காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும், பயம் இன்னும் கூடும். அதை உடனே கண்டு, "ஆழமாக வேண்டாம், மெதுவாக" என்று பக்கத்தில் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். முப்பது பேருள்ள வகுப்பில் அது முடியும். முந்நூறு பேருள்ள மண்டபத்தில் ஒலிவாங்கியோடு மேடையில் நிற்பவருக்குத் தெரியவே வராது.

இன்னொன்று. "எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்பார்கள். இழப்பும் வன்முறையும் கண்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கண்ணை மூடி அமைதியாக இருப்பது அவர்களில் சிலருக்கு நெருக்கடி. அவர்களை நிலத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருக்க விடவேண்டும். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையிடம் மூச்சை அடக்கச் சொல்லக்கூடாது. இவை வகுப்பில் இருக்கும் ஆசிரியருக்குத் தெரியும். வெளியிலிருந்து ஒரு நாளைக்கு வருபவருக்குத் தெரியாது.

மூச்சுக்குப் பிறகு தசை: கையைப் பொத்தி ஐந்து செக்கன் இறுக்கி, பதினைந்து செக்கன் தளர விடுவது, பிறகு தோள், தாடை. கடைசிப் பத்து நிமிடம் ஒரு தாள். மனதில் கிடப்பதை எழுதி இரண்டாகப் பிரிப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட வெட்டுப்புள்ளி என்னவாகும் என்பது தன் கையில் இல்லாதது. இரசாயனவியலில் ஓர் அலகு விளங்கவில்லை என்பது கையில் உள்ளது. அதற்கு யாரிடம், என்றைக்குக் கேட்பது என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும். இவ்வளவும் 40 நிமிடத்துக்குள் அடங்கும். ஒரு தவணை விடாமல் செய்தால் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை தானாகவே செய்யும்.

ஆனால் அந்த 40 நிமிடம் எங்களிடம் இல்லை. உளவளத்துணை அறை பல பாடசாலைகளில் உடைந்த மேசைகளும் விளையாட்டுப் பொருட்களும் அடுக்கும் இடம். யாராவது ஆசிரியர் லீவு என்றால் முதலில் பறிபோவது எங்கள் நேரம். அழுதுகொண்டு வந்த பிள்ளையோடு படிக்கட்டில் நின்று கதைக்கிறோம், மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளை திரும்பி வராது. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் மதிலில் ஒன்பது ஏ எடுத்தவர்களின் பதாகை ஏறுகிறது. அதன் கீழே நடந்து உள்ளே வரும் மற்றப் பிள்ளைகளைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. தனியார் வகுப்புகளைக் குறைசொல்லும் நாங்களே காலைப் பிரார்த்தனைக்கு முன் மேலதிக வகுப்பு வைக்கிறோம். கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் ஒரு கடிதத்தால் தீராது என்று தெரியும். ஞாயிறுப் பிரச்சினை உங்கள் ஒரு கையொப்பத்தால் தீரும்.

படங்கள் தேவையென்றால் வகுப்பில் நடப்பதை எடுத்து அனுப்புகிறோம், பிள்ளைகளின் முகம் தெரியாமல். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அறையைத் துப்புரவாக்கி, கதவும் திரைச்சீலையும் போட்டுத் தாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சரியான நித்திரையோ சாப்பாடோ இல்லாத பிள்ளையை, சாவைப் பற்றிக் கதைக்கும் பிள்ளையை நாங்கள் தாமதிக்காமல் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பவேண்டும். அதைக் கண்டுபிடிப்பதற்கே அந்த அறை வேண்டும். 24 மணித்தியாலமும் இயங்கும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அதன் சுவரில் நாங்களே எழுதிவைப்போம்.

அடுத்த அதிபர்கள் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறுக் கருத்தரங்கை நிறுத்துங்கள். வாரம் ஒரு பாடவேளையை நேரசூசியில் எழுதி, அதில் வேறு எவரும் கைவைக்கக்கூடாது என்று அதிபர்மாருக்கு எழுத்தில் அறிவியுங்கள். முதல் தவணையின் பாடத்திட்டத்தை வாரம் வாரமாகப் பிரித்து, கூட்டத்துக்கு முன் உங்கள் அலுவலகத்தில் கையளிப்போம்.

இப்படிக்கு,
பாடசாலை உளவளத்துணை ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.